பூல் கியூவைச் சுற்ற எந்த மோட்டார்?

அமெரிக்காவில் வீட்டுக் கராஜில் பூல் கியூ, அதாவது பூல் மேசையில் பந்தை இடிக்கும் கோல், செய்பவர்கள் பெரும்பாலும் நுணுக்கக்காரர்கள். கட்டையை மாதக்கணக்கில் ஆறப்போட்டு, லேத்தில் கொஞ்சம் கொஞ்சமாகக் கடைந்து, கியூவின் இரு பாதிகளையும் இணைக்கும் ஜாயின்ட் பின் மயிரிழைகூட ஆடாமல் பொருத்துவார்கள். அப்படிப்பட்டவர்களே, கடைசியில் கிளியர் கோட் எனும் நிறமற்ற மேற்பூச்சை அடிக்கக் கியூவைச் சுற்ற ஒரு மோட்டார் வேண்டும் என்று வந்ததும் அகப்பட்டதை மாட்டிவிடுகிறார்கள். மைக்ரோவேவ் அடுப்பில் கண்ணாடித் தட்டைச் சுற்றும் மோட்டார், பார்பிக்யூ கம்பி மோட்டார், பழைய காரின் வைப்பர் மோட்டார், இந்த மூன்றில் ஒன்று. "சுத்தினாப் போதும்" என்பதுதான் வாதம். அந்த வாதம் எனக்கு எப்போதுமே ஒட்டியதில்லை. மூன்றுமே சுற்றும் என்பது சரி. ஆனால் மூன்றும் மூன்று விதமாகத் தவறான வேகத்தில் சுற்றுகின்றன. வைப்பர் மோட்டாரோ அதற்கு மேலும் ஒரு படி போய், தின்னர் ஆவி நிறைந்த ஸ்பிரே கூண்டுக்குள் நெருப்புப் பொறியையும் கொண்டுவருகிறது.

நம் ஊர்க் கிளப்புகளில் அதிகம் புழங்குவது ஸ்னூக்கர் கியூ. (ஸ்னூக்கர் விதிகளை ஊட்டி கிளப்பில்தான் முதலில் எழுதி மாட்டினார்கள் என்பார்கள்.) ஸ்னூக்கர் கியூவின் ஆஷ் கட்டைக்குப் பெரும்பாலும் எண்ணெய்த் தேய்ப்புதான், துணியும் கையும் இருந்தால் போதும். அமெரிக்கப் பூல் கியூ வேறு ரகம். பட் எனப்படும் அடிப்பாதியில் மேப்பிள், கருங்காலி, பதித்த வேலைப்பாடு எல்லாம் இருக்கும். அதன்மேல் காருக்கு அடிக்கும் அதே டூ-கே (ஹார்டனர் கலந்து அடிக்கும் இருபாக) யூரத்தேன் கிளியர் கோட் கண்ணாடிபோல் நிற்க வேண்டும். உருளை வடிவக் கட்டையில் கண்ணாடிப் பூச்சு என்பதால்தான் இவ்வளவு பாடும். தட்டையான பலகையைப் படுக்கவைத்துவிட்டால் பெயின்ட் தானே மட்டமாகிக்கொள்ளும். கட்டை உருண்டை என்றால் எப்படி வைத்தாலும் ஒரு பக்கம் கீழே பார்த்துக்கொண்டுதான் இருக்கும்.

மோட்டார் வாங்கப் போகிறவர் முதலில் விசாரிப்பது டார்க், அதாவது திருப்புவிசை. இதில் தலையை உடைத்துக்கொள்ளத் தேவையே இல்லை. கியூவின் மொத்த எடை 510 முதல் 595 கிராம், அடிப்பாதி மட்டும் 450 கிராம் என்று வையுங்கள். இரு முனையிலும் தாங்கிச் சுற்றும்போது அதன் எடைமையம் அச்சிலிருந்து ஒரு முழு மில்லிமீட்டர் விலகியிருந்தாலும் மோட்டார் சமாளிக்க வேண்டிய திருப்புவிசை 0.0044 நியூட்டன் மீட்டர்தான். பெட்டிக்கடை அளவில் விற்கும் சின்ன கியர் மோட்டாரே ஒரு கிலோகிராம்-சென்டிமீட்டர், அதாவது 0.098 நியூட்டன் மீட்டர் கொடுக்கும். இருபது மடங்குக்கும் மேல். நின்ற நிலையிலிருந்து அரை நொடியில் நிமிடத்துக்கு 150 சுற்று வேகத்துக்கு ஏற்றவும் இதைவிடக் குறைவான விசையே போதும். வைப்பர் மோட்டாரின் முரட்டுப் பலம் இங்கே எதற்கும் உதவாது. பேன்ட் துணியோ கையுறையோ சிக்கினால் நிற்காமல் இழுத்துக்கொண்டு போகும், அவ்வளவுதான்.

டார்க்கைவிட முக்கியம் பக்கச் சுமை. 740 மி.மீ. நீள அடிப்பாதியை மோட்டார் ஷாஃப்டில் மட்டும் மாட்டி மறுமுனையை அந்தரத்தில் விட்டால், கியர்பாக்ஸில் ஷாஃப்டைத் தாங்கும் சின்னப் புஷ்ஷில் 1.6 நியூட்டன் மீட்டருக்கும் மேல் வளைப்புவிசை ஏறும். கொஞ்ச நாளில் புஷ் தேய்ந்து கியூவின் வால் வட்டம் போடத் தொடங்கும். ஆகவே வால் பக்கம் ஒரு தாங்கல் கட்டாயம் வேண்டும். அது இருந்தால் மோட்டார் சுமப்பது வெறும் கால் கிலோ. அதையும் மோட்டார் சுமக்காதபடி செய்ய முடியும், பின்னால் சொல்கிறேன்.

ஸ்பிரே கன் போகும் வேகம், கியூ சுற்றும் வேகம்

அடிக்கும்போது எத்தனை சுற்று வேண்டும் என்பதைக் கியூவை மட்டும் பார்த்துச் சொல்ல முடியாது. கன்னையும் சேர்த்துக் கணக்குப் போட வேண்டும். 0.8 அல்லது 1.0 மி.மீ. நாசில் கொண்ட சின்ன ஹெச்.வி.எல்.பி. (காற்று அதிகம், அழுத்தம் குறைவு) கன்னை 15 செ.மீ. தள்ளிப் பிடித்தால் பெயின்ட் விசிறி சுமார் 100 மி.மீ. விரியும். விசிறியைக் கியூவின் நீளவாக்கில் திருப்பிக்கொள்ள வேண்டும். குறுக்குவாக்கில் வைத்தால் 30 மி.மீ. தடிக் கட்டைக்கு 100 மி.மீ. விசிறி, முக்கால்வாசி காற்றுக்குத்தான் போகும். கை நிதானமாக அடிப்பாதியின் ஒரு முனையிலிருந்து மறுமுனைக்குப் போக 6 நொடி ஆகிறது என்றால், கன்னின் வேகம் நொடிக்கு 123 மி.மீ.

இப்போது கியூ நிமிடத்துக்கு 180 சுற்று, நொடிக்கு 3 சுற்று சுற்றுகிறது என்று கொள்ளுங்கள். ஒரு சுற்று முடிவதற்குள் கன் 41 மி.மீ. நகர்ந்திருக்கும். விசிறி 100 மி.மீ. அகலம் என்பதால் கட்டையின் ஒவ்வொரு இடமும் இரண்டு அல்லது மூன்று முறை கன்னின் எதிரே வந்து போகும். விசிறியின் ஓரங்கள் மெலிந்திருப்பதால் இந்த இரண்டுக்கும் மூன்றுக்கும் உள்ள வேறுபாடு கண்ணுக்குப் படாது. 120 சுற்றில் நகர்வு 61 மி.மீ., அதுவும் பரவாயில்லை ரகம்தான்.

வைப்பர் மோட்டாருக்கு வருவோம். அதன் இரண்டு வேகமும் சுமாராக 45, 65. நாற்பத்தைந்தில் ஒரு சுற்றுக்குள் கன் 164 மி.மீ. தள்ளிப் போய்விடுகிறது, விசிறியோ 100 மி.மீ. மீதி 64 மி.மீ. பட்டை வெறுமையாக, கியூவைச் சுற்றித் திருகுபோல் விழும். அறுபத்தைந்திலும் 113 மி.மீ., இடைவெளி மெலிந்திருக்குமே தவிர போகாது. மேலே இன்னொரு ஓட்டம் அடித்து மூடிவிடலாம் என்று தோன்றும். இரண்டாவது ஓட்டத்தின் திருகு முதல் திருகின் இடைவெளியில்தான் போய் விழும் என்று யார் உத்தரவாதம் தருவது? சில இடத்தில் இரட்டிப்பு, சில இடத்தில் ஒன்றுமில்லை. காய்ந்த பிறகு ட்யூப் லைட்டின் கீழே கியூவை உருட்டிப் பார்த்தால் அலை அலையாகத் தெரிவது இதுதான். கன்னையும் காற்றழுத்தத்தையும் குறை சொல்லி, மோட்டாரைக் கவனிக்காமல் விட்டுவிடுவார்கள்.

மெதுவான மோட்டாரோடு வேறொரு முறையில் அடிக்கலாம். கியூ 8 முதல் 10 சுற்று வேகத்தில் மெல்லத் திரும்பிக்கொண்டிருக்க, கன்னை முனைக்கு முனை ஒன்றேகால் நொடியில் வீசி வீசி எடுப்பது. ஒரு சுற்றுக்குள் ஐந்தாறு நீளப் பட்டைகள் விழுந்து ஒன்றோடொன்று மேவிக்கொள்ளும். கை பழகியவர்கள் இதில் அற்புதமாக அடிப்பார்கள். ஆனால் வீச்சின் வேகம் ஒரே சீராக இருக்க வேண்டும், முனையைத் தாண்டிய பிறகே டிரிகரை விட வேண்டும். கியூ வேகமாகவும் கை நிதானமாகவும் இருக்கும் முறையே பெரும்பாலோருக்கு ஒத்துவரும். இரண்டில் எதை எடுத்தாலும் சரி, 30 முதல் 65 வரையிலான நடுவேகத்தில் மட்டும் அடிக்காதீர்கள். சந்தையில் மலிவாகக் கிடைக்கும் மோட்டார்களில் பாதி அந்த நடுவேகத்தில்தான் இருக்கின்றன.

மேலே எவ்வளவு போகலாம் என்பதற்கும் கணக்கு உண்டு. 32 மி.மீ. தடியில் 240 சுற்றில் மேற்பரப்பில் வெளிநோக்கிய முடுக்கம் புவியீர்ப்புக்குச் சமமாகிவிடும். 180-ல் அது பாதிக்குச் சற்று மேல். 75 மைக்ரான் ஈரப்படலத்தை 180 சுற்று ஒன்றும் செய்யாது. 300-க்கு மேல் ஏற்றி, கனமாகவும் அடித்தால், சற்றே தடித்த இடம் மேலும் தடித்து வளையம் வளையமாகத் திரளும். லேத்திலேயே மாட்டி அடிப்பவர்களுக்கு இது நேர்வதுண்டு, லேத்தின் அடிவேகமே பல நேரம் இதற்கு அதிகம்.

கன் நின்ற பிறகு

எந்த மோட்டார் என்ற கேள்விக்கு விடை அடிக்கும்போது கிடைப்பதில்லை என்பது என் கட்சி. கன்னைக் கொக்கியில் மாட்டிவிட்டு அடுத்த ஒரு நிமிடம் கியூ எப்படிச் சுற்றுகிறது என்பதில்தான் அது இருக்கிறது. அடித்த நொடியில் கிளியர் தண்ணீர் போலத்தான், பாகுத்தன்மை 30 மில்லிபாஸ்கல் நொடி அளவில் இருக்கும். தின்னர் பறக்கப் பறக்க அது பல மடங்கு கெட்டியாகும். வழிசல் விழுவதெல்லாம் இந்த முதல் நிமிடத்தில். செங்குத்தாக நிற்கும் பக்கத்தில் 75 மைக்ரான் படலத்தின் மேற்பரப்பு நொடிக்கு ஒரு மி.மீ.க்குச் சற்றுக் குறைவான வேகத்தில் கீழே நகரும். படலம் 150 மைக்ரான் ஆனால் அந்த வேகம் இரட்டிப்பாவதில்லை, நான்கு மடங்காகிறது. கை தயங்கி நின்ற இடத்தில், முனையில் கன் திரும்பிய இடத்தில், மாஸ்கிங் டேப் ஓரத்தில் மட்டும் வழிசல் விழுவதன் காரணம் இந்த வர்க்கக் கணக்கு.

கரண்டியில் எடுத்த தேன் வழியாமலிருக்கக் கரண்டியைக் கிடையாகப் பிடித்து உருட்டுவோமே, அதேதான் இங்கும். மெதுவாக உருட்டினால் வழியும், ஒரு வேகத்துக்கு மேல் போனால் ஒட்டிக்கொண்டே சுற்றும். அந்த எல்லை வேகத்தைக் கணித வல்லுநர் கீத் மொஃபாட் 1977-ல் கணித்துக் காட்டினார். சுற்றும் கிடை உருளை எவ்வளவு தடித்த படலத்தைத் தாங்கும் என்று அறிய, பாகுத்தன்மையை அடர்த்தியால் வகுத்து, மேற்பரப்பு வேகத்தால் பெருக்கி, புவியீர்ப்பு முடுக்கத்தால் வகுத்து, வர்க்கமூலம் கண்டு, 0.7-ஆல் பெருக்க வேண்டும். 32 மி.மீ. தடிக் கட்டைக்கும் அப்போதுதான் அடித்த கிளியருக்கும் இதைப் போட்டுப் பார்த்தால், நிமிடத்துக்கு 2.5 சுற்றில் தாங்கும் தடிப்பு சுமார் 80 மைக்ரான். 6 சுற்றில் 120. 15 சுற்றில் 195.

பார்பிக்யூ மோட்டாரின் வேகம் இரண்டிலிருந்து நான்கு சுற்று. 75 மைக்ரான் பூச்சுக்கு அது விளிம்பில் நிற்கிறது, கை கொஞ்சம் கனத்தால் வழியும். மைக்ரோவேவ் மோட்டார் 50 ஹெர்ட்ஸில் 5, 60 ஹெர்ட்ஸில் 6 சுற்று. சரியாக அடித்த இடத்தைத் தாங்கும், இரட்டிப்பான இடத்தைத் தாங்காது. 15 முதல் 20 சுற்று இருந்தால் இரட்டிப்பான இடமும் தப்பும். ஜாயின்ட் பக்கம் கட்டை 21 மி.மீ.க்கு மெலிந்துவிடுவதால் மேற்பரப்பு வேகம் குறைந்து, தாங்கும் தடிப்பும் ஐந்தில் ஒரு பங்கு குறையும். அதற்கும் சேர்த்தே 15 முதல் 20 என்கிறேன். மைக்ரோவேவ் மோட்டாரில் அடிப்பவர்கள் மெல்லிய பூச்சாகப் பல தடவை அடிக்கப் பழகிக்கொண்டதும், அதனால் ஆரஞ்சுத் தோல் போன்ற சொரசொரப்போடு மல்லுக்கட்டுவதும் மோட்டாரின் குறையை கையால் ஈடுகட்டும் வேலை. பூச்சு மட்டமாக வேண்டுமானால் கொஞ்சம் ஈரமாக விழ வேண்டும். ஈரமாக விழுந்ததை வழியாமல் தாங்க மோட்டார் வேண்டும்.

ஆக, தேவை ஒரு வேகமல்ல. அடிக்கும்போது 150 முதல் 180, கடைசி ஓட்டம் முடிந்ததும் ஐந்தாறு நொடியில் படிப்படியாக 15 அல்லது 20-க்கு இறக்கம். அடுத்த கோட் வரைக்குமான பத்துப் பதினைந்து நிமிடம் அங்கேயே. கடைசிக் கோட்டுக்குப் பிறகு தூசி ஒட்டாத நிலை வரும்வரை 5 முதல் 10 சுற்றே போதும், கொஞ்சம் கூடினாலும் கெடுதல் இல்லை. கிளியர் டப்பாவில் போட்டிருக்கும் நேரத்தைவிடக் கொஞ்சம் கூடவே ஓடட்டும், அவசரமில்லை. நிறுத்திவிட்டு மறுபடி ஓட்டுவது மட்டும் கூடாது. நின்ற அரை நிமிடத்தில் அடியில் திரண்டது, பிறகு எவ்வளவு சுற்றினாலும் முழுதாகக் கரையாது.

எந்த மோட்டார் இதைச் செய்யும்

12-லிருந்து 180 வரை ஒரே மோட்டாரில் வேண்டும். கார்பன் பிரஷ் வைத்த 12 வோல்ட் கியர் மோட்டாரைப் பி.டபிள்யூ.எம். (மின்சாரத்தை விட்டு விட்டுக் கொடுக்கும் கட்டுப்பாடு) வைத்து இறக்கினால் பதினைந்து மடங்கு வீச்சு காகிதத்தில் கிடைக்கும், நிஜத்தில் அடிவேகத்தில் விக்கி விக்கிச் சுற்றும். சாதாரண கெப்பாசிட்டர் இண்டக்‌ஷன் மோட்டாரில் ஃபேன் ரெகுலேட்டர் மாட்டுவதும் வீண். சுமை கொஞ்சம் மாறினாலும் வேகம் தன்னிஷ்டத்துக்குப் போகும். தையல் மெஷின் மோட்டாருக்கும் கைத் துரப்பணத்துக்கும் இதே கதைதான், கூடவே பிரஷ் பொறியும்.

சரியாகப் பொருந்துவது டேக்கோ ஜெனரேட்டர் வைத்த வேகக் கட்டுப்பாட்டு இண்டக்‌ஷன் மோட்டார். தொழிற்சாலைக் கன்வேயர்களில் இருக்கும் சதுர முகப்புக் கியர் மோட்டார்தான், கூடவே ஒரு வேகப் பெட்டி வரும். பின்னால் இருக்கும் டேக்கோ உண்மையான வேகத்தை அளந்து சொல்ல, பெட்டி அதைப் பிடித்து நிறுத்தும். வழக்கமான வீச்சு 50 ஹெர்ட்ஸில் 90 முதல் 1400, 60 ஹெர்ட்ஸில் 90 முதல் 1700. 50 ஹெர்ட்ஸ் நாட்டில் 1:7.5 கியர் போட்டால் 12 முதல் 187, அமெரிக்க 60 ஹெர்ட்ஸில் 1:9 போட்டால் 10 முதல் 189. தேவைக்கு அளவெடுத்துத் தைத்தது மாதிரி. 6 வாட்டே போதும். பழைய கன்வேயரிலிருந்து கழற்றியது 25 வாட்டாக இருந்தால் அதுவும் நல்லதே.

இரண்டாவது தேர்வு, சின்னச் சின்ன அடியாக எடுத்துவைத்துச் சுற்றும் ஸ்டெப்பர் மோட்டார். நீமா 17 அளவில் கியரே இல்லாமல் 1 முதல் 200 சுற்று வரை எங்கே வேண்டுமானாலும் நிற்கும், நேரம் வைத்துத் தானே இறங்கவும் சொல்லிவைக்கலாம். முழு ஸ்டெப்பில் ஓட்டாதீர்கள். ஒரு ஸ்டெப் 1.8 பாகை, 32 மி.மீ. தடியில் அது அரை மி.மீ. துள்ளல், அதிர்வு கட்டை முழுக்கத் தெரியும். பதினாறில் ஒரு பங்கு மைக்ரோஸ்டெப்பில் துள்ளல் 0.03 மி.மீ.க்கு இறங்கிவிடும். 3டி பிரின்டருக்கு வரும் சத்தமில்லா டிரைவர்கள் இதற்குக் கச்சிதம். மோட்டாரின் உடல் கை வைக்க முடியாத அளவு சுடும், அது அதன் சுபாவம். கரென்ட்டைப் பாதியாக்கினாலும் வேலை நடக்கும், சுமைதான் ஒன்றுமில்லையே.

மூன்று ஃபேஸ் கியர் மோட்டார் கிடைத்தால் சின்ன வி.எஃப்.டி. (ஹெர்ட்ஸை மாற்றி வேகத்தை மாற்றும் பெட்டி) போட்டும் ஓட்டலாம். 1:8 கியரில் 50 ஹெர்ட்ஸுக்கு 175, 5 ஹெர்ட்ஸுக்கு 17 அளவில் வரும். அவ்வளவு கீழே இறக்கினால் பெரிய சுமையில் மோட்டார் சூடாகும், கியூவின் சுமையில் ஆகாது. கையில் இருந்தால் போடலாம், இதற்கென்று தேடி வாங்க வேண்டாம்.

யூ.வி. விளக்கில் கெட்டியாகும் பூச்சு அடிப்பவர்களுக்கும் இதே மோட்டார்தான். விளக்கு எரியும்போது நின்றுவிடாமல் ஓடினால் போதும், நின்றால் ஒரு பக்கம் மட்டும் வேகமாகச் சுருங்கி இழுக்கும்.

பொறி எங்கே விழுகிறது

டூ-கே கிளியரிலும் அதன் தின்னரிலும் இருப்பவை பியூட்டைல் அசிடேட், டொலுவீன், கீட்டோன் வகைகள். டொலுவீன் 4 பாகை செல்சியஸிலேயே தீப்பற்றும் அளவு ஆவி விடும், அசிட்டோன் மைனஸ் 20-ல். காற்றில் டொலுவீன் ஆவி ஒரு சதவீதத்தைச் சற்றே தாண்டினால் பற்றிக்கொள்ளும் கலவை தயார். ஆவி காற்றைவிடக் கனம், கூண்டின் தரையில் தேங்கும். அதைப் பற்றவைக்க ஒரு மில்லிஜூலுக்கும் குறைந்த பொறி போதும். கார்பன் பிரஷ் கம்யூட்டேட்டரில் உராயும்போது ஒவ்வொரு சுற்றிலும் விழும் பொறி அதைவிடப் பெரியது. அமெரிக்காவின் என்.எஃப்.பி.ஏ. 33 எனும் தீப்பாதுகாப்பு விதிமுறை ஸ்பிரே நடக்கும் இடத்தின் உட்பகுதியை அபாய மண்டலமாக வைத்திருப்பது இதனால்தான்.

பிரஷ் இல்லாத மோட்டார் என்பதால் உள்ளே வைக்கலாம் என்று எடுத்துக்கொள்ள வேண்டாம். இண்டக்‌ஷன் மோட்டாரின் வெப்பக் காப்பு ஸ்விட்ச் திறக்கும்போது பொறி விழும், வேகப் பெட்டியின் ரிலேயிலும் விழும். எனவே மோட்டார் கூண்டுக்கு வெளியே, ஷாஃப்ட் மட்டும் உள்ளே. 8 மி.மீ. எஃகுக் கம்பி, வெளிப்பக்கம் ஒன்றுக்கொன்று 10 செ.மீ. தள்ளி இரண்டு பேரிங் பிளாக், மோட்டாருக்கும் கம்பிக்கும் நடுவில் ஒரு ஃப்ளெக்சிபிள் கப்ளிங், கூண்டுச் சுவரில் 10 மி.மீ. துளை, துளையில் உலர்ந்த ஃபெல்ட் வாஷர். கியூவின் சுமை முழுக்க இப்போது பேரிங் பிளாக்குக்குப் போய்விட்டது, கியர்பாக்ஸ் புஷ்ஷுக்கு வேலையே இல்லை. கூண்டின் சட்டத்தை எர்த் செய்துவிடுங்கள். சுற்றும் மோட்டாரைப் பற்றி இவ்வளவு கவலைப்படுபவர்கள், ஆவியை நேராக மோட்டார்மேல் இழுத்துவிடும் சாதாரண எக்ஸாஸ்ட் ஃபேனை மாட்டியிருப்பதையும் பார்க்கலாம். அதுதான் முதலில் மாற்ற வேண்டிய மோட்டார்.

மோட்டார் வெளியே போவதில் இன்னொரு லாபமும் உண்டு. மலிவான பிளாஸ்டிக் கியர்பாக்ஸ்களில் பல நேரம் சிலிகான் கிரீஸ்தான் இருக்கும். அதில் ஒரு துளி காற்றோடு வந்து ஈரக் கிளியரில் பட்டால் போதும், அங்கே பூச்சு விலகி மீன்கண் போல வட்டக் குழி விழும். கட்டையைத் துடைத்ததில் குறை, கம்ப்ரஸர் எண்ணெயில் குறை என்று தேடி அலைய வேண்டியிருக்கும். யூரத்தேன் ஹார்டனரில் ஐசோசயனேட் இருப்பதால் சாதாரண கார்பன் மாஸ்க்கை நம்பாமல், வெளியிலிருந்து காற்று வரும் முகமூடி போடுவதும் இந்தப் பட்டியலில் சேரும். கியூ ஒன்றுதானே என்ற சலுகை அதற்குக் கிடையாது.

கியூவைப் பிடிப்பது

அடிப்பாதியின் முன்முனையில் நீட்டிக்கொண்டிருக்கும் ஜாயின்ட் பின்னையே பிடியாகப் பயன்படுத்துவது வழக்கம். 5/16-14, 5/16-18, 3/8-10, ரேடியல் என்று மரைகள் பலவகை. ஒவ்வொன்றுக்கும் ஒரு அடாப்டர் கடைந்து கம்பியின் முனையில் மாட்டிக்கொள்ளலாம். அடாப்டரின் முகம் ஜாயின்ட் காலரைவிட ஒரு மி.மீ. சிறிதாக இருக்கட்டும். பெரிதாக இருந்தால் கிளியர் இரண்டுக்கும் நடுவில் பாலம் போட்டு, கழற்றும்போது விளிம்பைப் பெயர்த்துக்கொண்டு வரும்.

சுழலும் திசைதான் இங்கே பலர் கோட்டைவிடும் இடம். மரை வலது கை மரை. மோட்டாரின் பின்னாலிருந்து கியூவைப் பார்க்கும்போது வலஞ்சுழியாகச் சுற்றினால் அடாப்டர் பின்னில் இறுகும், இடஞ்சுழியாகச் சுற்றினால் மெல்லக் கழன்று கொண்டே வரும். மைக்ரோவேவ் மோட்டார் சின்க்ரனஸ் வகை. ஸ்விட்ச் போடும் கணத்தில் எந்தப் பக்கம் கிளம்பும் என்பது அதற்கே தெரியாது. இன்று வலம், நாளை இடம். ஈரப் பூச்சோடு கியூ கழன்று கூண்டின் தரையில் விழுவதற்கு இதைவிட எளிய வழியில்லை. கியர்பாக்ஸ் வைத்த இண்டக்‌ஷன் மோட்டாரிலும், சில கியர் விகிதங்கள் மோட்டாரின் திசையைத் தலைகீழாக்கும், சில ஆக்காது. வயரை மாற்றினால் திசை மாறும் என்பதால், அடாப்டரை மாட்டும் முன் ஒரு முறை ஓட்டிப் பார்த்துவிடுவது நல்லது. வேகத்தைச் சட்டென்று நிறுத்தாமல் இறக்கச் சொன்னதிலும் இந்த மரைக்குப் பங்குண்டு.

வால் பக்கம் ரப்பர் பம்பரைக் கழற்றிய துளையில் 60 பாகைக் கூம்பு. கூம்பு ஒரு 608 பேரிங்கில் சுற்றட்டும், பின்னால் மெல்லிய ஸ்பிரிங் அழுத்தம் இருக்கட்டும். அழுத்தம் அதிகமானால் கட்டை நடுவில் வில்லாக வளையும், கையால் தள்ளினால் எளிதில் பின்வாங்கும் அளவே போதும். பேரிங்கின் வெளிமுகத்தை மாஸ்கிங் டேப்பால் மூடிவிடுங்கள், இல்லையென்றால் பறக்கும் கிளியர் இரண்டே கியூவில் அதை இறுக்கிவிடும்.

இதெல்லாம் சரியாக இருந்தும் மெது வேகத்தில் கியூ ஒவ்வொரு சுற்றிலும் ஒரே இடத்தில் "டக்"கென்று குதிப்பதுண்டு. மோட்டார் கெட்டுவிட்டது என்று நினைப்பார்கள். கட்டையின் கனத்த பக்கம் உச்சியைத் தாண்டியதும், கியர் பற்களுக்கிடையே உள்ள தளர்வு அளவுக்கு மோட்டாரை முந்திக்கொண்டு கீழே விழுகிறது, அவ்வளவுதான். மறுபடி மோட்டார் வந்து பிடிக்கும்வரை அந்தப் பக்கம் நின்றுகொண்டிருக்கும், அந்த இடத்தில் மெல்லிய கோடு விழும். விலை கூடிய மோட்டாருக்கு மாறத் தேவையில்லை. வால் கூம்பின் தண்டில் ஒரு ஃபெல்ட் வாஷரை லேசாக அழுத்தி வைத்துக் கொஞ்சம் உராய்வு கொடுத்தால், பற்கள் எப்போதும் ஒரே பக்கமாக ஒட்டியே இருக்கும். மோட்டாரின் டார்க்கில் மிச்சமிருப்பதைச் செலவழிக்கச் சரியான இடம் இது.

முதல் கியூவை மாட்டும் முன் 32 மி.மீ. உருட்டுக் கட்டை ஒன்றைப் பின்னும் துளையும் வைத்துக் கடைந்து, கறுப்புப் பெயின்ட் அடித்து, கூண்டில் மாட்டிக்கொள்ளுங்கள். கறுப்பில் அலை, திருகு, வழிசல் மூன்றும் ஒளியாது. அடிப்பாதியின் பரப்பு 0.063 சதுர மீட்டர், 75 மைக்ரான் ஈரத்துக்குக் கட்டையில் நிற்பது 5 மி.லி.க்கும் குறைவு. காற்றில் போவதையும் சேர்த்து ஒரு கோட்டுக்கு 15 மி.லி. கலக்கினால் சரி. ஹார்டனரைச் சிரிஞ்சில் அளந்துகொள்ளுங்கள், இவ்வளவு சின்ன அளவில் கண்ணளவு கைகொடுக்காது. 160 சுற்றில் ஓர் ஓட்டம் போய் வந்து, 20-க்கு இறக்கி, ஐந்து நிமிடம் கழித்து டார்ச்சைக் கட்டையோடு ஒட்டிச் சாய்வாகப் பிடித்துப் பாருங்கள். திருகு தெரிந்தால் வேகத்தை 180-க்கு ஏற்றவும், அல்லது கையை நிதானப்படுத்தவும். முனையில் மட்டும் தடித்திருந்தால், முனையைத் தாண்டும் முன்பே கன்னைத் திருப்பியிருக்கிறீர்கள். எங்கும் சொரசொரப்பாக இருந்தால் அடுத்த கோட்டைத் தைரியமாக ஈரமாக அடியுங்கள், 20 சுற்று அதைத் தாங்கும்.